ஒரு சாண் உள்ளே

பிப்ரவரி 2, ஞாயிறு

மாலினி சொன்னதால எழுதுறேன். ஓசூரிலிருந்து போன் பண்ணி, "நீ நாள் பூரா பேசுறப்பா, ஆனா ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிற. எழுதியாவது வை" என்றாள். பெத்த பொண்ணு, சம்பாதிக்கிற பொண்ணு. கேட்டுத்தான் ஆகணும்.

இது மருந்துக் கடையில ஓசியில குடுத்த டைரி. ஒவ்வொரு பக்கத்துக்கும் கீழே இருமல் மருந்து விளம்பரம். எழுதி முடிக்கிறதுக்குள்ள எனக்கு இருமல் வந்துடும் போல.

என் பேர் தேசிங்கு. வியாசர்பாடியில வேப்பமரத்தடி இஸ்திரி வண்டி என்னுது. அஞ்சாவதுக்கு மேல பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்து வரலை. இதுல எங்கயாவது எழுத்து கோணலா இருந்தா, படிக்கிறவங்க பெட்டி போட்டு நிமித்திக்கணும்.

வீட்டுக்காரி பேரு லோகு. நவம்பர்ல காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டா. அது அவ்வளவுதான்.

இன்னிக்கு இருபது சட்டை, ஒரு பட்டுப்புடவை. மதியம் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

கேஸ் தீர்ந்துடுச்சு. வேற ஒண்ணும் இல்லை.

பிப்ரவரி 8, சனி

சாயங்காலம் கிளப்புல மேட்ச். கிளப்புன்னா பெரிசா நினைக்க வேணாம். கிரவுண்டை ஒட்டி ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டு, ஒரு டிவி, ஒரு பெடஸ்டல் ஃபேன். ஃபேன் எந்தப் பக்கம் திரும்புதோ அந்தப் பக்கம்தான் கூட்டம்.

நான் சிவப்பு ஜெர்சி. எத்திராஜ் வெளிர்நீலம். இங்கிலீஷ் டீம் பேரெல்லாம் எனக்கு வாயில நுழையாது, துணிதான் நமக்கு அடையாளம். எத்திராஜும் நானும் சின்ன வயசுல இருந்து ஒரே கிரவுண்டுல புழுதி தின்னவங்க. அவன் கோல்கீப்பர். பேருதான் எத்தி, ஒரு நாளும் எத்தினது கிடையாது, புடிக்கிறதுதான் வேலை. இதை நான் சொல்லாத நாள் இல்லை. இன்னிக்கும் சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்னு நினைக்கிறேன்.

நீலக்காரன் கோல் போட்டான். எத்தி சட்டையக் கழட்டி சுத்திக்கினு ஷெட்டை விட்டே வெளிய ஓடிட்டான். உள்ள டிவியில ரெஃப்ரி காதுல கையை வெச்சுக்கிட்டார்.

"வா எத்தி, செக் பண்றாங்க" என்றான் ஃபெலிக்ஸ். இவன் கம்ப்யூட்டர் கம்பெனியில வேலை செய்யிறவன், எந்த ஆட்டக்காரன் எவ்வளவு தூரம் ஓடினான்னு போன்ல பாத்து சொல்லுவான். நான் வெச்ச பேரு கணக்குப்பிள்ளை.

"இன்னாத்த செக் பண்றான்? கோல் வலைக்குள்ள கெடக்குது, கண்ணு தெரியலியா அவனுக்கு?"

"ஆஃப்சைடான்னுதாண்ணா. தோள்பட்டை ஒரு இன்ச் முன்னாடி இருக்கலாம்."

"தோளுன்றது எதுடா? எங்க முடியுது, எங்க கை ஆரம்பிக்குது?"

நான் சொன்னேன்: "சட்டை தைக்கிறவனை ரெஃப்ரியா போடுங்கடா. தோள் தையலு எங்க, கை தையலு எங்கன்னு அவன் கரெக்டா சொல்லுவான்."

அதுக்கும் சிரிச்சாங்க. எத்தி மட்டும் சட்டையைக் கையில புடிச்சுக்கினு அப்படியே நின்னான். மாட்டவும் இல்லை, சுத்தவும் இல்லை. கோலும் இல்லாம, கோல் இல்லைன்னும் இல்லாம, மொத்த ஷெட்டும் வாயைத் திறந்துக்கினு நிக்குது. ஃபேன் மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புது.

எனக்கு அந்த நேரம் நல்லா இருந்துச்சு. ஏன்னு தெரியலை.

கோல் இல்லைன்னுட்டான். எத்தி டிவியை உடைக்கப் போனான்.

இந்த வீடியோ ரெஃப்ரிக்குப் பேரு வார். நான் இத்தனை வருஷமா ஓசியில பாக்குற வேலையும் அதான், எல்லாரையும் வார்றது. நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் லோகு கேப்பா, "இன்னிக்கு யாரை வாரினே?" என்று. சொல்லி முடிச்சாத்தான் சோறு.

பிப்ரவரி 10, திங்கள்

மூணாவது மாடி டீச்சரம்மா புருஷன் சட்டையை நாலாவது மாடி வக்கீலுக்குக் குடுத்துட்டேன். வக்கீல் அதைப் போட்டுக்கினு கோர்ட்டுக்கே போயிட்டு வந்துட்டாரு. அந்தம்மா நேர்ல வந்து கத்தினாங்க. "புருஷனைத்தானே மாத்தக் கூடாது, சட்டையை மாத்தினா இன்னாம்மா" என்றேன். அந்தம்மா சிரிச்சுட்டு, அப்புறம் சிரிப்பை நிறுத்திட்டு, "பரவால்லப்பா" என்றாங்க. இப்பல்லாம் எல்லாரும் இப்படித்தான். பாதி சிரிப்புல நிறுத்திடுறாங்க.

எந்தத் துணி எந்த வீடுன்னு லோகுவுக்குத் தெரியும். குறி போடவே மாட்டா. மடிக்கும்போதே தனித்தனியா வெச்சுடுவா. இனிமே நூல் கட்டணும். நூல் வாங்கினேன்.

மூட்டைக்கு அடியில அவ புடவை ஒண்ணு கெடக்கு. நேரம் கிடைக்கும்போது பெட்டி போடலாம்.

பிப்ரவரி 12, புதன்

வண்டிகிட்ட மஸ்தான் பாய் வந்தாரு. கல்யாண வீடியோ எடுக்கிறவரு. ஹார்டு டிஸ்க்கைச் சுத்தம் பண்ணும்போது ஒரு பழைய வீடியோ கிடைச்சுதாம். போன வருஷம் காணும் பொங்கல் அன்னிக்கு எங்க பெருசுங்க மேட்ச். நாப்பது தாண்டினவனுங்க தொப்பையைத் தூக்கிக்கினு ஆடுற மேட்ச் அது. பாய் அன்னிக்குப் புதுக் கேமரா வாங்கி ட்ரையல் பாக்க வந்தவரு.

"உன் கோலு அதுல இருக்கும் தேசிங்கு" என்றாரு.

அந்தக் கதையைச் சொல்லிடுறேன். மேட்ச் முடியப் போற நேரம். வலது பக்கத்துலேர்ந்து ஒரு பந்து வந்துச்சு, ஓங்கி விட்டேன். விட்ட வேகத்துல நானே குப்புற விழுந்தேன். பந்து மேல் பார்ல பட்டு, கீழ விழுந்து, வெளிய வந்துடுச்சு. எத்தி அமுக்கிட்டான். உள்ள விழுந்துச்சா, கோட்டு மேல விழுந்துச்சா? ரெஃப்ரி கோல் இல்லைன்னுட்டார். கோட்டு மேலதான் விழுந்துச்சுன்றான் எத்தி. நான் எங்க பாத்தேன், எனக்கு வாய் பூரா மண்ணு.

பாத்த ஒரே ஆளு லோகு. கோல் கம்பத்துக்கு நேரா இருக்கிற காம்பவுண்டு சுவர் மேல உக்காந்திருந்தா. "என் ரெண்டு கண்ணால பாத்தேன், கோட்டைத் தாண்டி ஒரு சாண் உள்ள விழுந்துச்சு" என்று சுவர்லேர்ந்தே கத்தினா. அதுக்கப்புறம் எத்தியை எங்க பாத்தாலும், மார்க்கெட்டாகட்டும், எழவு வீடாகட்டும், பேச்சே கிடையாது, கையை விரிச்சு ஒரு சாண் காட்டுவா. அவன் தலையில அடிச்சுக்குவான். ஆஸ்பத்திரியில பாக்க வந்தப்பவும் காட்டினா. ஊசி குத்தின கையால.

பாய் சொன்னதை எத்தி எப்படித்தான் மோப்பம் புடிச்சானோ, சாயங்காலமே வந்துட்டான். "ஞாயித்துக்கிழமை கிளப்புல போட்டுடலாம்டா. தோத்தவன் எதிராளி ஜெர்சியைப் போட்டுக்கினு ஒரு மேட்ச் பூரா உக்காரணும். சரியா?"

சரின்னேன்.

பிப்ரவரி 13, வியாழன்

கையில சூடு பட்டிருக்கு. எப்ப பட்டுச்சுன்னு தெரியலை. எத்திதான் பாத்து, "டேய், கொப்புளம்டா" என்றான்.

பிப்ரவரி 15, சனி

மேட்ச் பாக்கப் போனோம், மேட்ச்சை யாரும் பாக்கலை. எல்லாருக்கும் என் கோல் பேச்சுதான். கணக்குப்பிள்ளை போன்ல என்னென்னவோ தட்டினான்.

"அந்த இடத்துலேர்ந்து, அந்தக் கோணத்துல அடிச்சா, எக்ஸ்ஜி புள்ளி சைபர் நாலு வரும்ணா."

"எக்ஸ்ஜியா? எங்க வீட்ல மிக்ஸிஜிதான் இருக்கு."

"எதிர்பார்க்கிற கோல்ணா. அதே ஷாட்டை நூறு பேர் அடிச்சா நாலு பேருக்குத்தான் உள்ள போவும்."

எத்தி தொடையில தட்டினான். "கேட்டுக்கினியா! தொண்ணூத்தாறு நம்ம பக்கம்."

"நூறு பேரு எதுக்குடா அடிக்கணும்? நான் ஒருத்தன்தானே அடிச்சேன்" என்றேன்.

"கணக்கு அப்படித்தான்ணா. ஒருத்தரை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

டாக்டரம்மாவும் இந்தக் கணக்குதான் சொன்னாங்க. இந்தக் காய்ச்சல்ல நூத்துக்குத் தொண்ணூத்தொன்பது பேருக்குச் சரியாயிடும்னு. நல்ல டாக்டரம்மா, அவங்க மேல தப்பு சொல்றதுக்கில்லை. கணக்கும் சரியாத்தான் இருந்திருக்கும்.

நாளைக்கு வீடியோ வேணாம், வேலை இருக்குன்னு சொல்லிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வேலை இல்லை. சும்மா படுத்திருந்தேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

எத்தி வண்டிகிட்ட வந்து நின்னான்.

"இன்னாடா, பயந்துட்டியா?"

"உன் ஜெர்சி அவ்ளோ நாத்தம், அதை யாரு போடுறது."

"துவைச்சுக் குடுக்கிறேன். சாக்கு சொல்லாத. வீடியோ பாத்தா தெரிஞ்சுடப் போவுது. ஒரு வருஷமா இந்த எழவைக் கேட்டுக் கேட்டு காது போச்சு எனக்கு."

"கோல் இல்லைன்னு வந்துச்சுன்னா?"

"இல்லைன்னு வந்தா இல்லதான். உனக்கு இன்னா போச்சு?"

எனக்கு ஒண்ணும் போகலை. கோல் எனக்கு வேணவே வேணாம். ஆனா அவ பாத்தேன்னு சொன்னா. இல்லைன்னு வீடியோ சொல்லிடுச்சுன்னா, எழுந்து வந்து மறுபடி சண்டை போட அவளால முடியாது. அதுதான் யோசனை. இதை எத்திகிட்ட சொல்லலை. "உன் பல்லு போவும்டா, அதான் யோசிக்கிறேன்" என்றேன்.

இந்த வருஷம் பெருசுங்க மேட்ச் வைக்கலை. எதனாலன்னு யாரும் சொல்லலை, நானும் கேக்கலை.

பிப்ரவரி 20, வியாழன்

மாலினி போன். டைரி எழுதுறியான்னு கேட்டா. எழுதுறேன், இருமல் மருந்து விளம்பரம்தான் நல்லா இருக்குன்னேன். வீடியோ சமாச்சாரத்தைச் சொன்னேன். 

"அம்மா அதுல இருக்குமாப்பா?"

"பந்துதான் இருக்கும். மேட்ச் வீடியோதானே."

"ம்."

"சாப்பிட்டியா?" என்றேன். சாப்பிட்டாளாம்.

பிப்ரவரி 22, சனி

நாளைக்குப் போடச் சொல்லிட்டேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

சாயங்காலம் அஞ்சு மணிக்கே ஷெட்டு நிறைஞ்சுடுச்சு. மஸ்தான் பாய் லேப்டாப்பை டிவியில மாட்டினாரு. எத்தி முன்னாடி நாற்காலி போட்டு, தோத்தவனுக்கு ஆகட்டும்னு அவன் நீல ஜெர்சியை மடியில வெச்சுக்கினு உக்காந்திருந்தான். என் சிவப்பு ஜெர்சியையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். பந்தயம்னா பந்தயம்.

ஃபெலிக்ஸ் எழுந்து சட்டம் சொன்னான். "தெளிவா தெரிஞ்சாத்தான் தீர்ப்பை மாத்தலாம். தெரியலைன்னா ரெஃப்ரி அன்னிக்குச் சொன்னதே நிக்கும். ஓகேவா?"

"ஓகே ஐயா, கோர்ட்டு கூடிடுச்சு, பெஞ்சு மேல ஏறு" என்றேன்.

வீடியோ ஓடுச்சு. முதல்ல வானம், அப்புறம் பாயோட செருப்பு, அப்புறம் கிரவுண்டு. எல்லாரும் இளைச்சுத் தெரிஞ்சோம். எத்திக்குக் கொஞ்சம் முடி இருந்துச்சு. அதுக்கு ஒரு கூச்சல். நான் ஓடுற அழகைப் பாத்து, மாவு மூட்டை உருண்டு வருதுன்னு எவனோ சொன்னான், அதுக்கும் ஒரு கூச்சல்.

வலது பக்கத்துலேர்ந்து பந்து வருது. நான் ஓடுறேன். காலைத் தூக்குறேன்.

கேமரா டக்குன்னு அந்தாண்ட திரும்பிடுச்சு.

கிரவுண்டு இல்லை, கோல் இல்லை, பந்து இல்லை. காம்பவுண்டு சுவரு. சுவர் மேல வரிசையா ஜனம்.

"யோவ் பாய்!" எத்தி நாற்காலியை விட்டு எகிறிட்டான். "பந்து எங்கய்யா?"

பாய் நெத்தியைச் சொரிஞ்சாரு. "பழக்க தோஷம்பா. கல்யாணத்துல தாலி ஏறும்போது தாலியை எவன் எடுப்பான்? பொண்ணோட அம்மா மூஞ்சிக்கு இல்ல போவணும் கேமரா. ஷாட்டு அடிச்சதும் கை தானா கூட்டத்துப் பக்கம் போயிடுச்சு."

ஒரே ரகளை. சிரிப்பு, திட்டு, விசில். "பாய் அண்ணனை வேர்ல்டு கப்புக்கு அனுப்புங்கடா!" நிறுத்தி வெச்சிருந்த வீடியோவைப் பாய் மூடப் போனாரு. நான் வேணாம்னேன். ஓடட்டும்னேன்.

சுவர் மேல லோகு. பச்சைப் புடவை. பாய் அவளைத்தான் நடுவுல வெச்சிருந்தாரு, நல்லா பக்கத்துல தெரிஞ்சா. அவ கிரவுண்டைப் பாக்கலை. முதுகைக் காட்டிக்கினு, பின்னாடி நிக்கிற பக்கத்து வீட்டு சரசக்கா கிட்ட பேசிக்கினு இருந்தா. கையைப் பின்னாடி கொண்டு போய், முதுகுல கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரிச்சு வெச்சுக் காட்டுறா. ஒரு சாண். டெய்லர் ஜாக்கெட்டு முதுகை அவ்ளோ இறக்கி வெட்டிட்டான்னு பொங்கலுக்கு முன்னாடியிலேர்ந்து புலம்பிக்கினு இருந்தாளே, அந்தக் கதை.

அப்போ கூட்டம் ஓன்னு கத்துது. பந்து பார்ல பட்ட நேரம். இவ திரும்புறா. என்ன ஆச்சுன்னு தெரியலை அவளுக்கு. கோல் பக்கமே பாக்கலை. கிரவுண்டுல தேடுறா, தேடுறா. அப்புறம் ஒரு இடத்துல கண்ணு நின்னுச்சு. நான் மண்ணுல குப்புற கெடந்த இடமா இருக்கும். முகம் சுருங்குச்சு. அடுத்த நிமிஷம் ரெண்டு கையையும் தூக்கிக்கினு சுவர் மேலயே எழுந்து நின்னுட்டா. "கோலு! கோலு! நான் பாத்தேன்! ஒரு சாண் உள்ள!"

முதுகுல வெச்சிருந்த சாணை அப்படியே முன்னாடி கொண்டாந்துட்டா.

கேமரா மறுபடி கிரவுண்டுக்குப் போயிடுச்சு. எத்தி பந்தைக் கட்டிப் புடிச்சுக்கினு கெடக்கான்.

"தெரியலை" என்றான் ஃபெலிக்ஸ். "ரெஃப்ரி சொன்னது நிக்கும். கோல் இல்லை."

பசங்க என்னைப் பாத்தாங்க. லோகுவைப் பாத்ததால நான் அழுவேன்னு நினைச்சிருப்பாங்க. அவ எந்தப் பக்கம் திரும்பியிருந்தான்னு யாரும் கவனிக்கலை, அவங்க பந்தைத் தேடிக்கினு இருந்தாங்க. எத்தியை மட்டும் பாத்தேன். அவன் டிவியைப் பாக்கலை. தரையைப் பாத்துக்கினு இருந்தான்.

"குடுடா அந்த நாத்தத்தை" என்று நானே போய் அவன் நீல ஜெர்சியை வாங்கிப் போட்டுக்கிட்டேன். தொப்பைக்குப் பத்தலை. எல்லாரும் சிரிச்சாங்க.

பாய் கிளம்பும்போது, "அழிச்சிடட்டுமா தேசிங்கு?" என்றாரு.

"இருக்கட்டும் பாய்."

பிப்ரவரி 24, திங்கள்

வேலைக்குப் போகலை. சோறு வடிக்கும்போது சிரிப்பு வந்துடுச்சு. திருட்டுக் கழுதை. மார்க்கெட்டுல, எழவு வீட்ல, ஆஸ்பத்திரியில, ஒவ்வொரு தடவையும் அந்தச் சாண். ஒரு தடவையாவது கை நடுங்கணுமே. நான் ஊரை வாரினேன், இவ என்னைப் படுக்கப் போட்டு வாரிட்டுப் போயிருக்கா.

சிரிச்சுக்கினே இருந்ததுல சோறு குழைஞ்சுடுச்சு. அதையும் சாப்பிட்டேன். உப்பு போடலைன்னு தெரிஞ்சுது.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலையில வண்டிகிட்ட எத்தி வந்தான். கையில என் சிவப்பு ஜெர்சி. ஞாயித்துக்கிழமை ஷெட்டுலயே விட்டுட்டு வந்திருக்கேன்.

"பெட்டி போட்டுக் குடு."

"எதுக்கு?"

"சனிக்கிழமை மேட்ச்சுக்கு. நான் போட்டுக்கினு உக்காரணும் இல்ல."

"நீதான்டா ஜெயிச்சே. கணக்குப்பிள்ளை சொல்லிட்டானே."

"அவன் கெடக்கான். பெட்டி போட காசு எவ்ளோ, அதைச் சொல்லு."

நான் பெட்டியைக் கீழ வெச்சேன். "எத்தி. நீ பாத்தேல்ல?"

"இன்னாத்த?"

"வீடியோவுல. அவ அந்தாண்ட திரும்பிக்கினு..."

"நான் எங்க அதெல்லாம் பாத்தேன். நான் பந்தைத்தான் பாத்தேன்."

"அதுல பந்தே இல்லியேடா."

எத்தி ஜெர்சியை வண்டி மேல விரிச்சான். கசங்கலை கையாலயே நீவி விட்டான். அப்புறம் என் முகத்தைப் பாக்காமலே கையைத் தூக்கி, கட்டை விரலையும் சுண்டு விரலையும் விரிச்சுக் காட்டினான்.

"இருந்துச்சு. இவ்ளோ உள்ள."

டீ சொல்றேன்னு போயிட்டான். அவன் போனதும் மூட்டைக்கு அடியில கெடந்த பச்சைப் புடவையை எடுத்து முதல்ல அதைப் பெட்டி போட்டேன். அப்புறம் ஜெர்சி. ஜெர்சி நைலான் துணி. அதுக்குத் தண்ணி தெளிக்கக் கூடாது, திட்டுத் திட்டா கறை நின்னுடும். இத்தனை வருஷத்துல ஒரு தடவை கூட அந்தத் தப்பு பண்ணினது இல்லை.

இன்னிக்கு நெஞ்சுப் பக்கம் பூரா தெளிச்சுட்டேன்.